பாண்டிக்கு எந்த நாளில் போவது?

19.05.2024 (கேள்வி)

என் மகனுக்கு 16 வயது. பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல்லில் பிறந்து வளர்ந்தவன். பூட்டன் ஊரைப் பார்க்க வேண்டும், அதுவும் சுதந்திர தினத்தன்று பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஆகஸ்ட் 15-க்குப் பாண்டிச்சேரி போகலாம் என்றிருந்தேன். அது நம் ஊர்ச் சுதந்திர தினமே இல்லை என்கிறார் என் மச்சான். ஜூலை 14-க்குப் போங்கள் என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி? தெரிந்தவர்கள் சொல்லவும்.

19.05.2024, இரவு

மச்சான் சொல்வது சரி. மாமனார் சொல்வதும் தப்பில்லை, அவர் வேறொரு நாட்டை, பிரான்சைச் சொல்கிறார்.

1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் கொடி ஏறியபோது பாண்டியில் பறந்துகொண்டிருந்தது பிரெஞ்சுக் கொடி. காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் எல்லாம் அப்படித்தான். பாண்டி சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. ஆகவே 16-க்குப் போங்கள். ஒரு நாள்தானே வித்தியாசம், 15-ஐயும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

நான் பாண்டியில் பிறந்தவன். பத்தாம் வகுப்பு வரை அங்கேதான் தமிழில் படித்தேன். 1995-இல் இங்கே வந்தேன். அதனால் அடித்துச் சொல்கிறேன்.

20.05.2024

அடித்துச் சொன்னது தப்பாகிவிட்டது. ஊரிலேயே இருக்கும் ஒருவர் தனியாக எழுதித் திட்டியிருக்கிறார், நியாயமான திட்டுதான்.

நிர்வாகம் உண்மையில் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. அதை விடுதலை நாளாக அரசு கொண்டாடத் தொடங்கியது 2014-இல், நான் வந்து 19 வருஷம் கழித்து. என் தலைக்குள் இருக்கும் பாண்டி 1995-லேயே நின்றுவிட்டது. ஆகஸ்ட் 16-உம் ஒழிந்துபோகவில்லை. அன்றைக்குக் கீழூரில் கொடியேற்றுகிறார்கள்.

ஆக ஜூலை 14, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16, நவம்பர் 1. அந்தச் சின்ன ஊருக்கு நான்கு.

22.05.2024

கீழூர் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வில்லியனூரைத் தாண்டிப் போனால் வரும் சின்னக் கிராமம். 1954 அக்டோபர் 18 அன்று இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று வாக்கெடுத்தது அங்கேதான். நினைவு மண்டபம் இருக்கிறது. வாக்களித்தவர்கள் 178 பேர், அத்தனை பேரும் இந்தியாவுக்கே.

23.05.2024

அத்தனை பேரும் இல்லை. 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. பள்ளியில் எங்களுக்கு 178 என்ற எண் மட்டும்தான் மனப்பாடம், அந்த எட்டுப் பேரை யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்று. பொதுமக்கள் வரிசையில் நின்று போட்ட ஓட்டு இல்லை இது. வாக்களித்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள், நகரசபை உறுப்பினர்களும் பிரதிநிதி சபை உறுப்பினர்களும். ஊர் ஜனத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்பது என் எண்ணம். இருந்தாலும் கேட்கவில்லை என்பது கேட்கவில்லைதான்.

அப்புறம் ஏன் எட்டு வருஷ இழுபறி? ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தாகிவிட்டது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தராமல் வைத்திருந்தது. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு துண்டு மண்ணை விட்டுக்கொடுக்கும் காகிதத்தை அங்கே யார் எடுத்து வைப்பார்கள்? 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலையான பிறகுதான் நம் காகிதமும் நகர்ந்தது.

02.06.2024

ஜூலை 14 பற்றி மாமனார் சார்பில் கொஞ்சம் பேச வேண்டும்.

1989-இல் எனக்குப் பத்து வயது. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், ஊர்ப் பேச்சில் சொல்தா. முந்தின நாள் ராத்திரி விளக்கு ஊர்வலம். மறுநாள் விடியற்காலையிலேயே ஆத்தா (எங்கள் பாட்டி) கோட்டுக்கு இஸ்திரி போடுவார். பதக்கங்களைத் தாத்தாவே புளி போட்டுத் தேய்ப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார். கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்துக்கு முன்னால் வயசாளிகள் எல்லாம் வரிசையாக நிற்பார்கள். முதலில் பிரெஞ்சுத் தேசிய கீதம் மார்செய்யேஸ், அப்புறம் ஜன கண மன. தாத்தா இரண்டுக்கும் ஒரே மாதிரி விறைத்து நிற்பார். வேர்வை காதோரம் வழிந்து காலருக்குள் போகும், துடைக்க மாட்டார். ஜூலை மாதம், பாண்டி வெயில், கம்பளிக் கோட்டு.

எங்கள் வீட்டில் சொல்லும் கதை இது. 1962-இல் பிரான்சா இந்தியாவா என்று கேட்டார்கள். தாத்தா பிரான்சைத் தேர்ந்தெடுத்தார். அவர் தம்பி, என் சின்னத் தாத்தா, தேசபக்தர், வெள்ளைக்காரன் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு நாடு. எங்களுக்கு ஜூலை 14, அவர்களுக்கு ஆகஸ்ட் 15.

04.06.2024

பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பேலில் மளிகை வாங்கும்போது கடைக்காரரிடம் இந்த நான்கு நாள் கதையைச் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர். கறிவேப்பிலையை நிறுத்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு நாலு இருக்குதெண்டால் ஒண்டை எங்களுக்குத் தாங்கோவன்."

09.06.2024

நவம்பர் 1 தமிழ்நாட்டு நாள் இல்லையா என்று ஒருவர். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்த நாள் அது. 2019-இல் அந்தத் தேதியையே தமிழ்நாடு நாளாக அறிவித்தார்கள். 2021-இல் வந்த அரசு, சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 18-க்கு மாற்றியது. நாள் மாறுவது பாண்டிக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

11.06.2024

பயணக் காகித விஷயம், பலருக்கு உதவும். ஓசிஐ என்பது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை. அதன் விதியில் ஒரு வரி இருக்கிறது: 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவின் பகுதியான நிலப்பரப்பைச் சேர்ந்தவர்கள். நமக்காகவே போட்ட வரி மாதிரி இருக்கும் (கோவாக்காரர்களுக்கும்தான்). பிள்ளை, பேரன் பேத்தி, அடுத்த தலைமுறை வரை விண்ணப்பிக்கலாம். பாண்டியில் பதிந்த தாத்தாவின் பிறப்புச் சான்று வேண்டும். அது பிரெஞ்சில்தான் இருக்கும்.

என் அப்பா பிறந்தது அன்றைய பிரெஞ்சு வியட்நாமின் சைகோனில், 1952-இல். நாங்கள் பணம் கட்டிய ஏஜெண்ட், பிறந்த ஊரைப் பார்த்ததும் "இவர் வியட்நாம்காரர், ஓசிஐ கிடைக்காது" என்று கோப்பை மூடிவிட்டார். தாத்தா பாண்டியில் பிறந்தவர் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. கட்டிய பணமும் போயிற்று. கடைசியில் நானே உட்கார்ந்து அப்பாவுக்கு அனுப்பினேன், வந்துவிட்டது. மகளுக்கு நேரமில்லை, ஈ-விசாதான்.

ஆமாம், நானும் போகிறேன். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லப்போய் எனக்கே பிடித்துக்கொண்டது.

15.07.2024

நேற்று ஜூலை 14. ஒலிம்பிக் வேலைகளால் இந்த வருஷம் அணிவகுப்பு ஷாம்ஸ் எலிசேயில் இல்லை, ஃபோஷ் அவென்யூவில். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே மகள் கேட்டாள்: "நம் பெயர் ஏன் பிரெஞ்சுப் பெயர்?" 15 வயசு, எல்லாவற்றுக்கும் ஏன்.

1881-இல் ஓர் ஆணை வந்தது. சொந்தச் சாதி மத வழக்கத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஆள் யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சாதியிலிருந்து கழன்றுகொள்ள அன்றைக்கு அது ஒரு கதவு. இதைச் சொன்னதும் "அவர் தைரியசாலி" என்றாள். வேலைக்காகவும் இருக்கலாம் என்றேன். சைகோனுக்குப் போன பாண்டிக்காரர்களில் இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் நிறைய.

17.08.2024

கேள்வி கேட்டவர் ஆகஸ்ட் 15-க்கே போய்விட்டாராம்! என்னிடம் சொல்லவே இல்லை. பையன் கொடியேற்றம் பார்த்துவிட்டான், சந்தோஷம். ஆனால் அறை கிடைக்காமல் திண்டிவனத்தில் தங்கினார்களாம். முன்பே எச்சரித்திருக்க வேண்டும், என் தப்பு. ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்த நாளும்கூட. ஆசிரமத்துக்கு எங்கிருந்தெல்லாமோ வருவார்கள், அத்தோடு சென்னை, பெங்களூரு விடுமுறைக் கூட்டம் வேறு.

30.09.2024

டிக்கெட் போட்டாயிற்று. அப்பா, நான், மகள். நவம்பர் 1-ஐத் தேர்ந்தெடுத்தது அப்பா. இங்கே அன்றைக்குச் சகல புனிதர்கள் திருநாள், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அதையொட்டித்தான். மறுநாள் கல்லறைத் திருநாள். தாத்தா ஆத்தா இருவரும் உப்பளம் கல்லறையில் இருக்கிறார்கள். அப்பா கடைசியாக அங்கே மெழுகுவத்தி ஏற்றி 11 வருஷம் ஆகிறது. விடுதலை நாள் எல்லாம் அவருக்குச் சாக்குதான் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம் அக்டோபர் 31 தீபாவளி. மூன்று நாளும் வரிசையாக வருகிறது. மழையும் வரும். குடை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போ என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்கிறார். பாண்டியில் குடை விற்பதில்லையா என்ன?

31.10.2024, பாண்டியிலிருந்து

சித்தப்பா வீட்டில் தங்கியிருக்கிறோம். சின்னத் தாத்தாவின் மகன். வேதக்காரர் (கிறிஸ்தவர்) வீடுதான், ஆனாலும் தெருவே வெடிக்கும்போது எங்கள் வீட்டு வாசல் மட்டும் சும்மா இருக்குமா? சித்தி காலையிலிருந்து அடுப்படியில். ஒரு வாணலியில் அதிரசம், இன்னொன்றில் நேம். ஆமாம், சைகோன் நேம். அரிசித் தாளை ஈரத்துணியில் பரப்பி, இறால், சேமியா, காளான் வைத்துச் சுருட்டுகிறார். சைகோன் பக்கமே போகாத குடும்பம் இது. என் ஆத்தா 1964-இல் திரும்பி வந்து இவர் மாமியாருக்குச் சொல்லிக் கொடுத்தது, மருமகள் கைக்கு வந்திருக்கிறது. பாரிசில் என் மனைவி கடையில் வாங்குகிறாள். மகள் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து 40 சுருட்டினாள். பாதி எண்ணெயில் பிரிந்துபோயின.

பக்கத்து வீட்டு அம்மா வந்து மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பொண்ணுக்கு நேஷனாலிட்டி இருக்குதில்ல?" ஊர்க்காரர்களுக்குப் புரியும். பாண்டியில் நேஷனாலிட்டி என்றால் பிரெஞ்சு நேஷனாலிட்டி, கேட்பது கல்யாணத்துக்கு. அவளுக்கு 15 வயசும்மா என்றேன். "சும்மா கேட்டு வெச்சேன் தம்பி."

01.11.2024

காலையில் காந்தி திடல். ராத்திரி தூறியிருந்தது, சாலை ஈரம். முதலமைச்சர் கொடியேற்றினார், காவலர் அணிவகுப்பு. அணிவகுப்பைவிட அவர்கள் தலையில்தான் மகளுக்குக் கண். சிவப்புத் தொப்பி, பிரெஞ்சுக் கெப்பி. "விடுதலை நாளுக்கு அவங்க தொப்பியையேவா போடுறாங்க?" என்றாள். நான் அந்த ஊரில் 16 வருஷம் இருந்தவன், எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை.

காந்தி சிலையைச் சுற்றிச் சாமந்தி மாலைகள். அதைப் பார்த்தும் அவள் முகம் சுளித்தாள். பிரான்சில் சாமந்தி என்றால் கல்லறைப் பூ, வேறு எதற்கும் கொண்டு போகக் கூடாது. அப்பா 1970-களில் ஒரு பட்டாள அதிகாரியின் வீட்டு விருந்துக்குச் சாமந்தித் தொட்டி வாங்கிப்போய் அந்த அம்மாள் அலறியது எங்கள் வீட்டில் நிரந்தர நகைச்சுவை.

ஜன கண மன தொடங்கியதும் திரும்பிப் பார்த்தேன். அப்பா விறைத்து நின்று பாடிக்கொண்டிருந்தார். வாயசைப்பு இல்லை, ஒரு சொல் விடாமல். 12 வயதில் சைகோனிலிருந்து வந்து பாண்டிப் பள்ளியில் சேர்ந்தவர், தினமும் காலையில் பாடியிருக்கிறார். அன்றைக்கும் கையில் பிரெஞ்சுக் குடியுரிமைதான். மகள் வாயைப் பிளந்துவிட்டாள். "மார்செய்யேஸ் முழுசா தெரியுமா தாத்தா?" "முதல் சரணம்தான்." "எனக்கும் முதல் சரணம்தான்."

வேர்வை அவர் காதோரம் வழிந்தது. துடைக்கவில்லை.

01.11.2024, இரவு

ஜூன் 2 குறிப்பில் எழுதியதை நான் திரும்பப் பெற வேண்டும்.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கதையை எடுத்தேன், சின்னத் தாத்தா கையெழுத்துப் போட மறுத்த கதையை. சித்தப்பா சிரித்துவிட்டார்.

"யார்ரா சொன்னது? அவரு போடத்தான் போனாரு. வரிசை ரொம்ப நீட்டு. பசிச்சுது, வந்துட்டாரு. ஆறு மாசம் டைம் இருக்கே, நாளைக்குப் பாத்துக்கலாம்னுட்டாரு. அந்த நாளைக்கு வரவே இல்ல."

ஒப்பந்தத்தில் இருப்பதும் அதுதான். பாண்டியில் பிறந்து பாண்டியிலேயே இருந்தவர்கள் தானாக இந்தியர் ஆகிவிடுவார்கள், வேண்டாம் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பாண்டியில் பிறந்து வேறு நாட்டில் இருந்தவர்கள் தானாகப் பிரெஞ்சுக்காரர்களாகவே நீடிப்பார்கள். என் தாத்தா 1962-இல் சைகோனில் இருந்தார். பட்டாளத்தை விட்டு ஒரு கம்பெனி வாசலில் காவல் வேலை. அவரை யாரும் எதையும் கேட்கவில்லை. அவர் எதையும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேருமே கையெழுத்துப் போடவில்லை. அண்ணன் நின்ற இடம் சைகோன், தம்பி நின்ற இடம் பாண்டி, அவ்வளவுதான்.

சித்தப்பா சிரித்தார் என்றேன், ஆனால் முழுச் சிரிப்பு இல்லை. அந்த வரிசையில் இன்னும் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் இவருக்கும் பாரிசில் வேலை, பென்ஷன். என் அப்பாவுக்கு மாதாமாதம் வருவது எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். கேட்டதில்லை. நாங்கள் கொண்டுபோன சாக்லேட் பெட்டி மேசைமேல் இருந்தது, பிரிக்காமல்.

02.11.2024

உப்பளம். காலையிலேயே நல்ல கூட்டம். வாசலில் பூ, மெழுகுவத்தி, ஊதுவத்தி, சுண்ணாம்பு வாளி எல்லாம் விற்கிறார்கள். எங்கள் கல்லறையைக் கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. பக்கத்தில் புதிதாகக் கட்டி வழியை மறைத்துவிட்டார்கள். கல் முழுக்கக் கறுப்புப் பாசி. அப்பா ஒரு உடைந்த ஓட்டுச் சில்லை எடுத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார். மேலே பிரெஞ்சில் தாத்தா பெயர், பட்டாளப் பிரிவு. கீழே தமிழில் ஆத்தா பெயர், அதில் ஒரு எழுத்துப் பிழை. அந்தப் பிழை இத்தனை வருஷமாக இருக்கிறது, ஆளாளுக்கு ஒரு தடவை கண்டுபிடித்து வருத்தப்படுவோம்.

நான் சொல்ல மறந்தது: சின்னத் தாத்தா கல்லறையும் அங்கேதான், நான்கு வரிசை தள்ளி. அப்பாவும் சித்தப்பாவும் மாற்றி மாற்றி இரண்டுக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரே வாளி. யார் தண்ணீர் அதிகம் ஊற்றியது என்று சண்டை வேறு. சாமியார் மந்திரித்துக்கொண்டே வரிசை வரிசையாக வந்தார். மகள் சாமந்தியைப் பிய்த்து இரண்டு கல்லிலும் பரப்பினாள். இங்கே சரியான இடத்துக்கு வந்துவிட்டது பூ என்றாள்.

அப்பாவுக்கு எழுந்திருக்க முடியவில்லை, முட்டி பிடித்துக்கொண்டது. சித்தப்பா கையைக் கொடுத்தார்.

06.11.2024

திரும்பி வந்தாயிற்று. மகள் பள்ளியில் விடுமுறை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். "தேசிய விழாவுக்காகத் தாத்தா ஊர் போனேன்" என்று தொடங்கி, எந்தத் தேசம் என்று டீச்சர் கேட்டதற்கு அரைப் பக்கம் விளக்கியிருக்கிறாள். 178, 170, 8 எல்லாம் போட்டிருக்கிறாள். அந்த எட்டுப் பேர் யார் என்று இப்போது என்னைக் கேட்கிறாள்.

சாக்லேட் பெட்டியைப் பற்றி எழுதியது சரியில்லை என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். சித்திக்குச் சர்க்கரை நோய், அதனால் பிரிக்காமல் இருந்திருக்கலாம். யோசித்தால் அதுவும் சரிதான். நான்தான் குற்றவுணர்ச்சியில் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

01.12.2024

நேற்று இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. தெருவெல்லாம் தண்ணீர். இன்று மதியம்தான் சித்தப்பாவின் போன் கிடைத்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு, அரிசி மூட்டையை மச்சுக்கு ஏற்றிவிட்டார்களாம். எல்லோரும் நலம். அப்பா போனைப் பிடுங்கிக் கேட்ட முதல் கேள்வி கல்லறை என்ன ஆயிற்று என்பது.

"சுண்ணாம்பு போயிருக்கும்ண்ணே. நீ ஊத்துன தண்ணி அப்பிடி."

02.12.2024

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். அடுத்த வருஷம் மகளையும் கூட்டிப்போக வேண்டுமாம், சரியான தேதி எது என்று கேட்கிறார். நவம்பர் 2 காலைக்குள் ஊரில் இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். 1-ஆம் தேதி விமானம் தாமதமானாலும் பரவாயில்லை. தங்க இடத்தை இப்போதே சொல்லி வையுங்கள், குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாண்டியில் விற்கிறார்கள், ஆனால் மழை பெய்யும்போது இரண்டு மடங்கு விலை.